சம்பந்தி கொடுத்த பாட்டுப்பெட்டி

“மறுபடியும் செத்துப்போச்சா!” என்று காதர் மைதீன் தன் வீடியோக் கடையிலிருந்து போட்ட சத்தத்தில், காஜா பேராங் சாலையின் எதிர்ப்பக்கத்தில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

செத்தது மனிதர் யாரும் இல்லை. கம்ப்யூட்டர். அவர் மதியம் லுஹர் தொழக் கிளம்பியபோது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொழுதுவிட்டு வந்து, திரைமேல் போட்டிருந்த துணியை விலக்கினால், கறுப்பாகக் கிடக்கிறது. பக்கத்தில், சம்பந்தி வாங்கிக் கொடுத்த பாட்டுப்பெட்டி மட்டும் எனக்கென்ன என்று வானொலிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

“ருக்மணி! கம்ப்யூட்டர தொட்டியா?”

“இல்ல நானா.”

“இந்தப் பெட்டிய?”

“ஐயோ, அத நான் எதுக்கு நானா தொடப் போறேன்?”

“நீயும் தொடல, நானும் தொடல. அப்ப யாரு, சைத்தானா?”

ருக்மணி சிடிக்கு உறை மாட்டும் வேலைக்குத் திரும்பினாள். புக்கிட் ரம்பாயிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள் அவள்; முதலாளியை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். உறை மாட்டுவது, தேநீர் வாங்குவது, முதலாளியிடம் ஏச்சு வாங்குவது ஆகிய வேலைகளை முகம் சுளிக்காமல் செய்து வந்தாள்.

காதர் மைதீனின் கோபம் மலாக்கா டவுன் முழுக்கப் பிரசித்தம். அவர் ஒன்று சொல்லி, அது விளங்காவிட்டாலும் யாரும் திரும்பக் கேட்பதில்லை. கேட்டால் இன்னொரு ஏச்சு கிடைக்கும். அதற்கு விளங்காமலே செய்துவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் பழகியிருந்தார்கள்.

ஆனால் இந்த வாரம் அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் பாதிக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் அவர். போன மாதம் அவருடைய ஒரே மகள் மும்தாஜுக்கே கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அலைய முடியாது என்பதால், படம் எடுக்க மட்டும் வேறு ஆளை விட்டார். வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடும் வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை. “எம்பொண்ணு கல்யாணத்த நான்தான் செஞ்சி குடுப்பேன்” என்று பந்தியிலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். மும்தாஜும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டிப் பெர்த் நகரத்துக்குப் போகிறார்கள். போனால் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. விமானம் ஏறுவதற்குள் அந்த சிடி மகள் கையில் இருக்க வேண்டும்.

மகள் போகப் போகிறாளே என்று அவருக்குத் துக்கம். அழத் தெரியாத மனிதர். அதனால் கத்தினார்.

வெட்டுவதும் ஒட்டுவதும் எப்போதோ முடிந்துவிட்டது. துண்டு துண்டாகக் கிடப்பதை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்துத் தர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அது அந்த நாள் கம்ப்யூட்டர். சிடி என்றாலே ஜனங்கள் வாயைப் பிளந்த காலம். படத்தைச் சேர்க்க அதற்கு அரை நாள் வேண்டும். நடுவில் நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ராத்திரியில் ஓடவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பழைய கடைவீடு, பழைய வயர். கம்ப்யூட்டர் இருந்த பக்கச் சுவருக்கே ஒரு பிளக்தான். அதில் நீட்டு வயர் போட்டுத்தான் எல்லாம் ஓடியது. கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அடைத்து, கரண்டை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

காலையில் ஓடவிட்டுத் தொழப் போவார். வந்து பார்த்தால் செத்திருக்கும். திட்டிக்கொண்டே மறுபடி ஓடவிடுவார். சாயங்காலம் அசர் தொழப் போவார். வந்து பார்த்தால் மறுபடி செத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக ஓடும். மகள் கல்யாணக்கோலத்தில் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று, வெளியே போகும்போதெல்லாம் திரையைத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் போவார். அந்தத் துணிக்கு அடியில் கம்ப்யூட்டர் எப்போது உயிரை விட்டது என்று பார்த்தவர் எவரும் இல்லை.

இது எல்லாம் பாட்டுப்பெட்டி வந்த பிறகு வந்த வினை. கிளேபாங்கில் இருக்கும் சம்பந்தி பீர் முகமது கல்யாணம் முடிந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நம்ம பிள்ளைங்க கல்யாணப் பாட்டு நல்ல சத்தத்துல கேக்கணும் சம்பந்தி” என்று சொல்லி மேசைமேல் வைத்தார். பெரிய பெட்டி ஒன்று, குட்டிப் பெட்டிகள் இரண்டு. வானொலியும் அதிலேயே இருந்தது. கம்ப்யூட்டரோடு வயர் போட்டு இணைத்துவிட்டால், கல்யாணப் பந்தியில் பாத்திரம் உருளுவதுகூடத் தெளிவாகக் கேட்கும்.

பெட்டி வந்த அன்றே ருக்மணிக்குச் செம்மையாக ஏச்சு விழுந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்ததற்கு முதல் ஏச்சு. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று குமிழைத் தப்பான பக்கம் திருப்பினாள். பெட்டி அலறிய அலறலில் கல்யாண ஆல்பம் பார்க்க வந்திருந்த அம்மாளின் கைக்குழந்தை வீறிட்டது. “இனிமே இந்தப் பெட்டிமேல உன் வெரல் பட்டுச்சி, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிருவேன்!” என்று குதித்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும்போது பெட்டி பாடிக்கொண்டிருந்தது என்று இன்னொரு ஏச்சு. சாயங்காலம் தேநீரில் சீனி தூக்கல் என்று அதற்கும் ஒன்று. அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது ருக்மணி, வாங்கியதை எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

கம்ப்யூட்டர் மறுபடி செத்த அந்த நாள் சாயங்காலம் காதர் மைதீன் தன் மனைவியின் தம்பி ஹாஜாவுக்குப் போன் போட்டார். ஹாஜா செமாபோக்கில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன்.

“நீ போட்டுக் குடுத்த கம்ப்யூட்டரு கெட்டு ரோசாக் ஆயிருச்சி. வா, வந்து பாரு!”

“என்னா பண்ணுது மச்சான்?”

“ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சன!”

மறுநாள் ஹாஜா வந்தான். மூடியைக் கழற்றினான், தூசியை ஊதினான், தானே தும்மினான். உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். ஓடவிட்டால் அழகாக ஓடியது.

“ஒரு கோளாறும் இல்ல மச்சான்.”

“நாம பாக்குறப்ப ஒழுங்காத்தான் இருக்கும். கள்ளன் அது!”

அசர் நேரம் நெருங்கியது. இருவருமாகப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார்கள். துணியை விலக்கினார்கள். கறுப்பு. பெட்டி ஜோராகப் பாடிக்கொண்டிருந்தது.

ஹாஜாவின் முகம் தொங்கிப் போனது. தாடியைச் சொறிந்துவிட்டு, “பெட்டிதான் மச்சான். இதுதான் கம்ப்யூட்டரோட கரண்ட உறிஞ்சிக் குடிக்குது. கழட்டி வச்சிட்டுப் பாப்போம்” என்றான்.

மறுநாள் பெட்டியைக் கழற்றி, பழைய கைலியில் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினார்கள். கம்ப்யூட்டர் ஓடியது. காதர் மைதீன் தொழப் போய்விட்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். உயிரோடு இருந்தது! அந்தச் சந்தோஷத்தில் ருக்மணிக்குத் தன் காசில் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். இது கடை வரலாற்றில் இல்லாத சம்பவம்.

பிற்பகலில் படம் முடிந்தது. போட்டுப் பார்த்தார்கள். மும்தாஜ் வந்தாள், மாப்பிள்ளை வந்தார், மாலை, பந்தி எல்லாம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“என்னாடா இது?”

ஹாஜா ஓர் அடி பின்னால் நகர்ந்தான். “சத்தம் எல்லாம் பெட்டி வழியா எடுக்கச் சொல்லித்தான் நான் செட் பண்ணியிருந்தேன் மச்சான். பெட்டி இல்லாததால சத்தத்த விட்டுட்டு முடிச்சிருச்சி.”

“நிக்காஹ்ல நான் பேசுறேன், வாய் மட்டும் அசையுது. தொட்டியில கெடக்குற மீனு மாதிரி இருக்கேன்டா! இதையா எம்பொண்ணு பெர்த்துல போயி பாக்கணும்?”

“பெட்டி இல்லாமச் செய்யணும்னா பாட்ட எல்லாம் முதல்லேர்ந்து போடணும். நாளாகும்.”

“நாளு எங்கடா இருக்கு!”

அவர் மேசையில் ஓங்கிக் குத்திய நேரம் பார்த்து, வாசலில் சலாம் சொல்லிக்கொண்டு கிளேபாங் சம்பந்தி வந்து நின்றார். வந்ததும் வராததுமாக மேசையைப் பார்த்தார்.

“பெட்டி எங்க சம்பந்தி?”

ருக்மணி மேசைக்கு அடியில் பார்த்தாள். சம்பந்தியும் பார்த்தார். கைலிக்குள்ளிருந்து குட்டிப்பெட்டி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறொருவராக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். காதர் மைதீனுக்கு அந்த நேரத்தில் நாக்கு அடங்கவில்லை. “உங்க பெட்டி என் கம்ப்யூட்டர கொன்னுக்கிட்டு இருக்கு! எந்தக் கடையில பொறுக்குனீங்க?” என்று கேட்டுவிட்டார்.

பீர் முகமதுவின் முகம் சிவந்தது. “பொறுக்குனேனா? கோலாலம்பூர் வரைக்கும் காடி எடுத்துட்டுப் போயி வாங்குனேன். எங்க வீட்டுச் சாமானுக்குக் குத்தம் சொல்றீங்க. நாளைக்கி எங்க வீட்டுப் பையனுக்கும் சொல்லுவீங்க.”

வாங்கி வைத்த தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

அன்று வீட்டில் ஹஸீனா கணவரை உட்காரவிடவில்லை. “பொண்ண அனுப்புற நேரத்துலயா சம்பந்திகிட்ட சண்ட பிடிப்பாங்க? புள்ள அங்க அந்த வீட்டுல ஒக்காந்து அழுவுது. பெட்டிய எடுத்துப் பழைய எடத்துல வைங்க. அவங்க எப்ப வந்து பாத்தாலும் அது பாடிக்கிட்டு இருக்கணும்!”

“அது பாடுனா இது சாவுதுடீ!”

“அதுக்கு முன்னால நீங்க பேசுன பேச்சுக்கு நான் செத்துருவேன் போல இருக்கு.”

வெள்ளிக்கிழமை காலையில் காதர் மைதீன் கம்ப்யூட்டரையும் பெட்டியையும் சேர்த்துக் காடியில் ஏற்றி, செமாபோக்கில் ஹாஜா கடையில் கொண்டுபோய் இறக்கினார். ஹாஜா பழைய கல்யாணப் படம் ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டான். பெட்டியும் பாடியது, கம்ப்யூட்டரும் ஓடியது. ஜும்ஆ தொழுகைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார்கள். அப்போதும் பெட்டி பாடியது, கம்ப்யூட்டர் ஓடியது. படம் சத்தத்தோடு முடிந்து நின்றது.

“பாத்தீங்களா? சாமான்ல கோளாறு இல்ல. கல்யாணப் படத்தையும் இங்கயே முடிச்சிருவோம் மச்சான்.”

“உன் கடையில வாறவன் போறவன் கண்ணெல்லாம் எம்பொண்ணு மேல படணுமா? ஊரு ஒலகத்துக் கல்யாணத்த எல்லாம் என் கடையில செஞ்சேன். எம்பொண்ணு கல்யாணத்த இங்க கொண்டாந்து செஞ்சா, காறித் துப்ப மாட்டானுங்க?”

“அப்ப கோளாறு உங்க கடையில இருக்கு. கடையில இல்லன்னா...”

“இல்லன்னா?”

“உங்ககிட்ட இருக்கு மச்சான். நீங்க போடுற சத்தத்துல கம்ப்யூட்டரு பயந்து சாவுது.”

அவ்வளவுதான். காதர் மைதீன் யார் உதவியும் இல்லாமல் கம்ப்யூட்டரைத் தானே கட்டிப்பிடித்துத் தூக்கினார். “இனிமே என் வாசப்படிய மிதிச்சிராத!” என்று சொல்லும்போது பெட்டியின் வயர் காலில் சிக்கி, விழப் பார்த்தார். ஹாஜா பிடித்துக்கொண்டான். பிடித்ததற்கும் திட்டு வாங்கினான்.

விஷயம் ஹஸீனாவுக்கு அவர் வீடு சேரும் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. சம்பந்தியோடு ஒன்று, தம்பியோடு ஒன்று. அன்று இரவு காதர் மைதீனுக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. காதர் மைதீன் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். பெட்டியையும் பாடவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ருக்மணி, இன்னிக்கு நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். தொழுகையகூட இங்கயே பக்கத்துல தொழுதுக்கிறேன். இது எப்படிச் சாவுதுன்னு என் கண்ணால பாக்கணும்!”

“சரி நானா.”

இன்று விட்டால் வேறு நாள் இல்லை. லுஹருக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்கினாலும் கடை அடைப்பதற்குள் முடித்துவிடலாம். ஆனால் அது நடுவில் சாகாமல் இருந்தால்தானே?

பத்து மணிக்குமேல் கடையில் கூட்டம் சேர்ந்தது. ஹஸீனா வந்தாள். அவள் இழுத்த இழுப்பில் ஹாஜாவும் வந்தான். வாசப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தான். பயணம் சொல்லிக்கொள்ள மும்தாஜும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த சம்பந்தி முதலில் காடியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெட்டி பாடுவது காதில் விழுந்ததும் இறங்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டிக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் திரையையே பார்த்தார்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே போனது. காதர் மைதீன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார். மும்தாஜ் பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

“அத்தா, கொஞ்சம் தண்ணி குடிங்க. இது இல்லாட்டி என்னா? நான் உங்ககிட்ட கோவிச்சுக்கவா போறேன்?”

“நீ கோவிக்க மாட்டே. எனக்குத்தான் தாங்காது” என்றார் காதர் மைதீன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “நீ அங்க போயி தனியா இருக்குறப்ப, இத போட்டுப் பாத்தா அத்தா கொரல் கேக்கும். அதுக்குத்தான்டா.”

மும்தாஜின் கண் கலங்கியது. சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பெட்டியில கேட்டா இன்னும் நல்லா கேக்கும்” என்றார். கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

பச்சைக் கோடு நுனியைத் தொட இன்னும் விரல் அகலம்தான் இருந்தது. யாரும் அசையவில்லை.

அப்போது பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஆரம்பித்தது.

ஹஸீனாவும் மும்தாஜும் முக்காட்டைச் சரி செய்துகொண்டார்கள். பேச்சு நின்றது. பெட்டியை நிறுத்த வேண்டுமே என்று காதர் மைதீன் கையை நீட்டுவதற்குள், மூலையிலிருந்து ருக்மணி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சம்பந்தியைச் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளையின் காலை மிதிக்காமல் தாண்டி, அலமாரிக்குப் பின்னால் போய்ப் பயபக்தியோடு குனிந்தாள்.

டக்.

பெட்டி வாயை மூடியது. கம்ப்யூட்டர் கண்ணை மூடியது.

பாங்கு நேரம், யாரும் பேச முடியாது. காதர் மைதீனின் முகம் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிலைக்கு வந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சத்தமில்லாத அந்தப் படத்தில் இருந்ததைப் போலவே உதடு மட்டும் அசைந்தது. ஹாஜா கைலி நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். ருக்மணி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பாங்கு முடியும்வரை அலமாரிப் பக்கம் அடக்கமாக நின்றாள்.

பாங்கு முடிந்தது. அவள் மறுபடி குனிந்தாள். டக். பெட்டி மறுபடி பாட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

“ருக்மணி...” காதர் மைதீனுக்குக் கத்தக்கூட வரவில்லை. “நீ... என்னாம்மா செஞ்சே?”

முதலாளி சத்தம் போடாமல் பேசியதைக் கேட்டு ருக்மணி முதல் முறையாகப் பயந்து போனாள்.

“நீங்கதானே நானா சொன்னீங்க, பாங்கு சொன்னா பெட்டிய அடைச்சிரணும், ஆனா பெட்டிமேல வெரல் பட்டா கைய ஒடிச்சி அடுப்புல வைப்பேன்னு? அதான் வந்த நாள்லேர்ந்து பெட்டியத் தொடாம, ஒவ்வொரு பாங்குக்கும் இந்தச் சுவத்து சுவிட்சத்தான் அடைச்சி அடைச்சித் தொறக்குறேன்.”